பெட்ரோல் எங்கே போகிறது?

(இரண்டாம் ஆண்டு ஆட்டோமொபைல் பிரிவு மாணவன் எழுதியது)

ஆண்டு மலருக்கு உங்க பிராஞ்சிலிருந்து ஒரு கட்டுரை வேணும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது எனக்குக் கை ஓடவில்லை. கவிதை எழுத வராது. தலைவர்களைப் பற்றி எழுத மற்ற பிராஞ்ச் நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டு வேன் ஒன்றுதான். போன மார்கழியில் அது எங்களைப் படுத்திய பாட்டையும், அதில் நான் கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன். சிவில், எலக்ட்ரிக்கல் தோழர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் சில விஷயங்களை அடியிலிருந்து சொல்கிறேன். ஆட்டோமொபைல் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் ஊர் நிலக்கோட்டைப் பக்கம். என் அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பறிக்கிற மல்லிகையை மூட்டை மூட்டையாக ஏற்றி, விடியறதுக்குள் பூ மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குவது அவர் தொழில். வண்டி 1997-ம் வருட மாருதி ஆம்னி. 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வைத்த எஞ்சின். ஆம்னியில் எஞ்சின் முன்னால் பானெட்டுக்குள் இருக்காது. டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் அடியில் இருக்கும். எஞ்சினில் எந்த வாடை வந்தாலும் அது நேராக வண்டிக்குள்ளேதான் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் பனி விழுவதால் பூ வரத்து குறைந்துவிடும். மல்லிகை கிலோ ஆயிரங்களில் போகும். அப்படி ஒரு நாள் மார்க்கெட்டில் வியாபாரி ஒருவர் மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, பூவுல பெட்ரோல் வாடை அடிக்குது? இதை யாரு தலையில வைப்பா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு மூட்டை அப்படியே திரும்பி வந்தது. பூக்காரருக்கு அப்பாதான் பணம் கொடுத்தார். அம்மா அந்தப் பூவைத் தெருவில் எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்தது. எங்கள் வீட்டில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

அதற்கு முன்பே வண்டி சரியில்லை. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது 10-க்கு இறங்கிவிட்டது. தினம் 60 கிலோமீட்டர் ஓட்டம். முன்பு 4 லிட்டரில் முடிந்த வேலைக்கு 6 லிட்டர் ஆனது. லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது தினம் இருநூறு ரூபாய் நஷ்டம் என்றால் எங்கள் வீட்டுக்கு அது பெரிய தொகை. அப்பா மெக்கானிக்கிடம் இரண்டு முறை காட்டிவிட்டார். முதல் முறை டியூனிங், புது பிளக். இரண்டாம் முறை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி ஜெட் மாற்றினார்கள். இரண்டு தடவையும் நாலு நாள் நன்றாக ஓடிவிட்டுத் திரும்பவும் பழைய கதைதான். மெக்கானிக் மேல் நான் குற்றம் சொல்லமாட்டேன். வரிசையில் பத்து வண்டி நிற்கும்போது ஒரு வண்டியின் கதையை உட்கார்ந்து கேட்க அவருக்கு நேரமில்லை. எனக்கு செமஸ்டர் லீவு. எனக்கு நேரம் இருந்தது.

முதலில் ரிச் என்றால் என்ன என்று பார்ப்போம். பெட்ரோல் தனியாக எரியாது, காற்றோடு கலந்துதான் எரியும். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இதை நான் வகுப்பில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால் அப்பாவுக்குச் சொல்ல முயன்றபோதுதான் அந்த எண்ணின் அளவு எனக்கே புரிந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம். அதற்கு வேண்டிய காற்று கிட்டத்தட்ட 11 கிலோ. காற்றை லிட்டரில் கணக்குப் போட்டால் சுமார் 9,000 லிட்டர் வருகிறது! ஒரு பாட்டில் பெட்ரோலுக்கு ஒரு தண்ணீர் லாரி நிறையக் காற்று. இந்தக் கலவையில் காற்று குறைந்தாலோ பெட்ரோல் கூடினாலோ மிக்சர் ரிச். காற்று கூடினால் லீன். மிக்சர் ரிச்சானால் வண்டி பணக்காரன் ஆகும், வண்டிக்காரன் ஏழையாவான் என்று எங்கள் லேப் இன்ஸ்ட்ரக்டர் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கு நாங்களும் சிரித்தோம்.

ரிச்சாக ஓடும் எஞ்சினைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சைலன்சரில் கறுப்புப் புகை வரும். (நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி, பயப்பட வேண்டாம்.) ஐடிலில் எஞ்சின் உருட்டி உருட்டி ஓடும். பிளக்கைக் கழற்றினால் முனையில் அடுப்புக்கரி மாதிரி காய்ந்த கறுப்பு படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் கையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிசுபிசுப்பாக ஈரக் கறுப்பாக இருந்தால் அது ஆயில், அதற்கு வைத்தியம் வேறு. சரியாக எரிகிற பிளக் வெளிறிய செங்கல் நிறத்தில் இருக்கும். எங்கள் வண்டியில் மூன்று பிளக்கும் காய்ந்த கறுப்பு. ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்த சிலிண்டரின் பிளக், வயர், வால்வு என்று அதை மட்டும் பார்க்கலாம். மூன்றும் ஒரே மாதிரி என்றால் குற்றம் மூன்றுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது.

இன்னொரு சுலபமான சோதனை உண்டு. எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது இன்டேக் மேனிபோல்டில் போகிற சின்ன வாக்கும் ஹோஸ் ஒன்றை ஒரு நொடி கழற்றிப் பாருங்கள். அதன் வழியாகக் கொஞ்சம் கூடுதல் காற்று உள்ளே போகும். மிக்சர் சரியாக இருந்தால் எஞ்சின் தடுமாறும். ரிச்சாக இருந்தால் 'அப்பாடா' என்று மூச்சு விட்ட மாதிரி வேகம் கூடும். எங்கள் வண்டி வேகம் கூடியது. ஆகவே ரிச் என்பது உறுதி. மைலேஜ் குறைந்ததற்குக் காரணம் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுவதோ டயரில் காற்று குறைவோ இல்லை. (அதையும் நான் பார்த்தேன். சமதரையில் நியூட்ரலில் ஒரு கையால் தள்ளினால் வண்டி நகர்ந்தது.)

இங்கேதான் எல்லாரும் ஸ்குரூடிரைவரை எடுப்பார்கள். நானும் எடுத்தேன். அப்போது இன்ஸ்ட்ரக்டர் லேபில் சொன்னது ஞாபகம் வந்தது. "ஸ்குரூவைத் தொடறதுக்கு முன்னாடி, பெட்ரோல் எந்த வழியா போகுதுன்னு கேளுங்கடா" என்பார். டேங்கிலிருந்து காணாமல் போகும் பெட்ரோலுக்கு மூன்று வழிதான் உண்டு. அரைகுறையாக எரிந்து சைலன்சர் வழியாகப் போகலாம். ஹோஸ், ஜாயிண்ட் வழியாக வெளியே கசியலாம். மூன்றாவது வழி எஞ்சின் ஆயிலுக்குள் இறங்குவது. அதை நான் அப்போது யோசிக்கவே இல்லை.

முதல் வழியைத்தான் முதலில் பார்த்தேன். ஏர் பில்டர் சுத்தம். சோக் நாபைத் தள்ளியபோது கார்புரேட்டர் வாயில் உள்ள தகடு முழுசாகத் திறந்தது. குளிர் காலத்தில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கேபிள் துருப்பிடித்துத் தகடு பாதியில் நின்றுவிட்டால் நாள் பூராவும் சோக் போட்டே ஓட்டுகிற மாதிரி ஆகும். அடுத்தது மிதவை. கார்புரேட்டருக்குள் சின்னத் தொட்டி இருக்கிறது. நம் வீட்டு மேல்தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் பால் வால்வு மூடுகிறதல்லவா, அதே வேலைதான். பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலே வந்து ஒரு ஊசி வால்வை மூடும். ஊசி தேய்ந்தாலோ, அதில் தூசி உட்கார்ந்தாலோ, மிதவையில் ஓட்டை விழுந்து மூழ்கினாலோ பெட்ரோல் நிற்காமல் வரும். இதைப் பார்க்க எஞ்சினை நிறுத்தியவுடன் கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். நாசிலிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தால் வால்வு மூடவில்லை என்று அர்த்தம். எங்கள் வண்டியில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. மெக்கானிக் செய்த வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

இரண்டாவது வழி, வெளிக்கசிவு. இதில் தயவுசெய்து யாரும் அவசரப்படக் கூடாது. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பிடிக்கும் அளவு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு கனம். மேலே பறந்து போகாது. சீட்டுக்கு அடியில், தரையில், ஒர்க்‌ஷாப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். காற்றில் 100-க்கு ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே ஒரு பொறி போதும். இருட்டில் கசிவைத் தேடத் தீக்குச்சி கிழித்தவர்கள் கதை எல்லா ஊரிலும் இருக்கிறது. நான் பார்த்த முறை இது. இரவு முழுதும் நின்ற வண்டியை விடிந்ததும் ஸ்டார்ட் செய்யாமல், வெட்டவெளியில் வைத்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். பெட்ரோல் ஆயில் மாதிரி சொட்டிக் காட்டாது, கசிந்த வேகத்தில் காய்ந்துவிடும். ஆகவே ஈரத்தைத் தேடாமல் தடத்தைத் தேட வேண்டும். புழுதி படிந்த இடத்தில் ஒரு ஓடை மட்டும் கழுவின மாதிரி சுத்தமாக இருக்கும், அல்லது பழுப்பாக வார்னிஷ் கறை இருக்கும். ரப்பர் ஹோசை வளைத்துப் பார்த்தால் கிளாம்புக்குப் பக்கத்தில் பொடி வெடிப்பு தெரியும். சந்தேகமான ஜாயிண்டில் முகப் பவுடரைத் தூவி வைத்தால் ஈரம் பட்ட இடம் கறுத்துக் காட்டும். என் தங்கச்சியின் பவுடர் டப்பா இந்த ஆராய்ச்சியில் காலியானது, அதற்கு இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

எஞ்சின் பக்கத்தில் ஒரு தடமும் இல்லை. உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து, "ரெண்டு மாசமாச்சு, ஆயில் ஒரு சொட்டு குறையலைடா. நம்ம வண்டி எஞ்சின் தங்கம். இந்த பெட்ரோல் சமாச்சாரம் மட்டும் சரியாயிட்டா போதும்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். அவர் தினமும் காலையில் ஆயில் கேஜை உருவிப் பார்க்கிறவர்.

இருபத்தைந்து வருடம் தாண்டிய எஞ்சின் இரண்டு மாதத்தில் சொட்டு ஆயில்கூட குறையாமல் ஓடுமா? நான் கேஜை உருவினேன். ஆயில் மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது. குறையவில்லை என்றுதான் அப்பா பார்த்திருக்கிறார். ஏறியிருப்பதை யாரும் குறையாக நினைப்பதில்லையே! முகர்ந்தேன், பெட்ரோல் வாடை. நியூஸ் பேப்பரில் ஒரு சொட்டு விட்டேன். நல்ல ஆயில் நின்று நிதானமாக ஊறும். இது நடுவில் கறுப்பும் சுற்றி ஈர வளையமுமாகச் சட்டென்று பரவியது. "சூடானப்புறம் சிக்னல்ல நின்னா சிவப்பு லைட்டு லேசா மினுக்குதுப்பா" என்று அப்பா அப்போதுதான் சொன்னார். அது ஆயில் பிரஷர் லைட். ஆயில் தண்ணீராகிவிட்டது, பேரிங்குகள் அந்தத் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் பெட்ரோல் செலவைப் பற்றி நாங்கள் கவலைப்பட்டிருக்க மாட்டோம், எஞ்சினையே இறக்க வேண்டி வந்திருக்கும்.

சரி, ஆயிலில் பெட்ரோல் கலந்தால் எஞ்சின் ஏன் ரிச்சாக ஓட வேண்டும்? இதுதான் எனக்குப் பிடித்த இடம். எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேற ஹெட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்கு பிரீதர் ஹோஸ் ஒன்று போகிறது. ஆயில் சூடானதும் அதில் கலந்த பெட்ரோல் ஆவியாகி இந்த ஹோஸ் வழியாக ஏறி, கார்புரேட்டர் கொடுப்பதற்கு மேல் எஞ்சினுக்குள் போகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது. அதன் கணக்கு சரியாகவே இருக்கும், ஆனால் பின்வாசல் வழியாக இன்னொரு பங்கு வந்துகொண்டிருக்கும். மெக்கானிக் எவ்வளவு டியூன் செய்தும் நாலு நாளில் கெட்டது இதனால்தான். சோதனை செய்து பார்த்தேன். வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, எஞ்சின் சூடாக ஓடும்போது பிரீதர் ஹோசை ஏர் கிளீனரிலிருந்து கழற்றி முனையைத் தூரமாக ஒதுக்கி, ஏர் கிளீனர் ஓட்டையைக் கட்டையால் அடைத்தேன். ஒரு நிமிடத்தில் ஐடில் சமமாகிவிட்டது. புகை வெளுத்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. சைலன்சர் பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

பெட்ரோலை ஆயிலுக்குள் விட்டது எது? கார்புரேட்டர் வண்டியில் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுப்பது எஞ்சினோடு ஒட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்ப். கேம்ஷாப்டின் மேடு ஒரு நெம்புகோலைத் தள்ளும், அது டயாபிரம் என்ற ரப்பர் சவ்வை ஆட்டும். சவ்வுக்கு ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் எஞ்சின் உள்புறம். நடுவில் இருக்கிற ஒரே சுவர் அந்தச் சவ்வுதான். பம்பைக் கழற்றி, உள்வரும் குழாயைப் பெட்ரோலில் முக்கி நெம்புகோலைக் கையால் ஆட்டினேன். இருபதாவது தள்ளலில் நெம்புகோல் பக்கம் ஈரம் வந்தது. சவ்வில் முடி போன்ற கீறல். பம்பு ஒழுங்காகப் பெட்ரோலும் இறைத்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இந்தச் சவ்வு வயதினால் மட்டும் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2022-ல் 10 சதவீதத்தையும், 2025-ல் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனாலைத் தாங்கும் ரப்பர் பழைய வண்டிகளில் கிடையாது. ஊறி, உப்பி, காய்ந்து வெடிக்கும். இன்னொன்று, எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது கலந்த பெட்ரோலுக்குக் காற்று குறைவாகப் போதும். பழைய கார்புரேட்டரில் அதே ஜெட்டுக்கு மிக்சர் கொஞ்சம் லீன் ஆகும். அதைச் சரிக்கட்ட ஸ்குரூவைத் திறந்துவிட்டிருந்தால், இருக்கிற ரிச் இன்னும் கூடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஹோஸ், டயாபிரம், கேஸ்கெட் மூன்றையும் கெடும்வரை காத்திராமல் மாற்றிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

மதுரையில் தேடி ஒரு பம்ப் வாங்கினோம். பழைய ஆயிலை இறக்கினோம். சுமார் 3 லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 4 லிட்டருக்கு மேல் வந்தது. பில்டரையும் மாற்றிப் புது ஆயில் ஊற்றினோம். பம்பை மாற்றிவிட்டு ஆயிலை மாற்றாமல் விட்டால் வேலை பாதிதான். ஸ்குரூவைக் கடைசியாகத்தான் தொட்டேன், முக்கால் சுற்று மூடினேன். அடுத்த வாரக் கணக்கில் 14.5 கிலோமீட்டர் வந்தது. டேங்கை வாய் வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பிக் கணக்குப் போட வேண்டும். முள்ளைப் பார்த்துச் சொல்லும் மைலேஜ் கணக்கே இல்லை.

ஆனால் வாடை முழுசாகப் போகவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு நாள் இருந்தது, ஒரு நாள் இல்லை. அப்பாதான் கண்டுபிடித்தார். "டேங்க் பில் பண்ற அன்னிக்கு மட்டும்தாண்டா அடிக்குது." படிக்காதவர் என்று நான் நினைத்திருந்த மனிதர் சொன்ன ஒரு வார்த்தையில் பாதி வேலை முடிந்தது. டேங்க் நிறைந்தால் மட்டும் வாடை என்றால் கசிவு டேங்கின் மேல்பகுதியில் இருக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றும் வாயையும் டேங்கையும் சேர்க்கும் தடித்த ரப்பர் ஹோசின் அடிப்பக்கம் வெடித்திருந்தது. பாதி டேங்கில் பெட்ரோல் அந்த உயரத்துக்கு வராது. ஒரே உடம்பில் இரண்டு நோய். ஒன்றைப் பிடித்ததும் இன்னொன்றைத் தேடாமல் விட்டது என் தப்பு.

இன்றைய வண்டிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். புது கார் எதிலும் இப்போது கார்புரேட்டர் இல்லை, எல்லாம் இன்ஜெக்‌ஷன். ஸ்குரூவும் இல்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை. சைலன்சரில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். ஸ்கேனரில் பியூயல் டிரிம் என்று ஒரு எண் வரும். அது மைனஸ் 10-ஐத் தாண்டிக் கீழே போனால், எங்கிருந்தோ வரும் அதிகப் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் குறைத்துக்கொண்டிருக்கிறது. எங்கிருந்து? இன்ஜெக்டர் ஒழுகலாம். பிரஷர் ரெகுலேட்டரின் சவ்வு கிழிந்து அதன் வாக்கும் ஹோசில் பெட்ரோல் வரலாம், அந்த ஹோசைக் கழற்றி ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். டேங்க் ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கலாம். இங்கேயும் ஆயிலில் கலந்த பெட்ரோல் அதே பின்வாசல் வழியாக வரலாம். டிரிம் ப்ளஸ்ஸில் இருந்தும் கறுப்புப் புகை வந்தால் சென்சார் ஏமாறியிருக்கிறது. சென்சாருக்கு முன்னால் சைலன்சரில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று உள்ளே போனாலோ, ஒரு பிளக் அடிக்காமல் இருந்தாலோ, 'பெட்ரோல் போதவில்லை' என்று அது பொய் சொல்லும். கூலன்ட் சென்சார் கெட்டு எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று சொன்னால் கம்ப்யூட்டர் நாள் முழுக்க சோக் போட்ட மாதிரி ஊற்றும். முக்கியமாக ஒன்று: மெக்கானிக்கல் பம்பின் பிரஷர் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோதான். இன்ஜெக்‌ஷன் லைனில் 3 கிலோ அளவுக்கு இருக்கும். அங்கே ஒரு கீறல் விழுந்தால் கசியாது, பீச்சும். பிரஷரை இறக்காமல் ஜாயிண்டில் ஸ்பானர் வைக்கக் கூடாது.

தை பிறந்ததும் அந்த வியாபாரி பழையபடி எங்கள் மூட்டையை வாங்க ஆரம்பித்தார். முதல் ஒரு வாரம் ஒவ்வொரு மூட்டையையும் முகர்ந்துவிட்டுத்தான் எடுத்தாராம். நான் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா போன் செய்கிறார். சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால், "ஆயில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலே நிக்குது" என்று சொல்லிவிடுகிறார்.